வேலூர் பக்கம் சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கலாமா? பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான்கு ஆண்டுகளுக்குள் இரண்டு சோலார் வாட்டர் ஹீட்டர்கள் ஏறிவிட்டன. முதலாவது 200 லிட்டர். ஒரு வைகாசி மாதத்தில், கண்காட்சித் தள்ளுபடியைப் பார்த்து அன்றைக்கே முன்பணம் கட்டி வாங்கியது. அடுத்த ஆண்டு மார்கழி வருவதற்குள் அதன் கண்ணாடிக் குழாய்களில் உப்பு அடைத்து, தொட்டியில் பொத்தல் விழுந்து, பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. இப்போது இருப்பது 100 லிட்டர். இதை வாங்குவதற்கு முன் ஆறு வாரம் அலைந்து, அளந்து, கணக்குப் போட்டேன். அந்த ஆறு வார வேலையை முதலிலேயே செய்திருந்தால் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மிஞ்சியிருக்கும். உங்களுக்காவது அது மிஞ்சட்டும்.

காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா, ஆரணி என்று இந்தப் பக்கம் புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவர்களுக்கு இது அப்படியே பொருந்தும். ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் இருப்பவர்களுக்குக் குளிர் நாட்கள் அதிகம் என்பதால், முதல் படியில் வரும் எண்களை அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

1. வெந்நீர் தேவைப்படும் நாட்களை எண்ணுங்கள்

“வேலூரில் இல்லாத வெயிலா?” விற்பவர் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். நான் ஏமாந்த இடமும் இதுதான். வெயில் இருக்கிறது, உண்மை. ஆனால் அந்த வெயில் அடிக்கும் மாதங்களில் வெந்நீர் யாருக்கு வேண்டும்? சித்திரை, வைகாசியில் பகல் பதினொரு மணிக்கு மேல் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே கையைச் சுடுகிறது. வெந்நீர் உண்மையில் தேவைப்படுவது கார்த்திகை முதல் தை கடைசி வரை. அந்த மூன்று மாதத்தின் முதல் பாதியில் வடகிழக்குப் பருவமழை; வானம் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும்.

எனவே ஒரு நாட்காட்டியை எடுத்துக்கொண்டு, வீட்டில் யார் யார் எந்த எந்த மாதம் வெந்நீரில் குளிக்கிறார்கள் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஐந்து பேர். அம்மாவுக்கு மூட்டுவலி, ஆண்டு முழுவதும் வெந்நீர்தான். மற்ற நால்வருக்கும் ஏறக்குறைய 100 நாட்கள். விற்பவர் கொடுத்த அச்சடித்த தாளில் ‘ஆண்டுக்கு 300 நாள், ஐந்து பேர்’ என்று இருந்தது. அவர் போட்ட சேமிப்புக் கணக்கு முழுவதும் அந்த 300 மேல்தான் நின்றது.

ஆண்டு முழுவதும் வெந்நீர் செலவாகும் இடங்கள் வேலூரில் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வெளிமாநிலங்களிலிருந்து வரும் நோயாளிகளுக்கு அறை வாடகைக்கு விடுபவர்கள், காட்பாடிப் பக்கம் மாணவர் விடுதி நடத்துபவர்கள், கைக்குழந்தையும் முதியவர்களும் சேர்ந்திருக்கும் பெரிய குடும்பங்கள். இவர்கள் கணக்கு வேறு. கீழே தனியாகச் சொல்கிறேன்.

2. மின் ரசீதை வைத்து ரூபாய்க் கணக்கு போடுங்கள்

ஒரே ஒரு வாய்ப்பாடு போதும். எத்தனை லிட்டர், எத்தனை டிகிரி சூடேற்ற வேண்டும் என்ற இரண்டையும் பெருக்கி 860ஆல் வகுங்கள். வருவது மின்சார யூனிட்.

மார்கழிக் காலையில் எங்கள் தொட்டித் தண்ணீர் 23 டிகிரி. குளிக்க 40 டிகிரி போதும். ஐந்து பேருக்கு ஆளுக்கு 20 லிட்டர் வாளி என்றால் 100 லிட்டரை 17 டிகிரி ஏற்ற வேண்டும்: 1,700ஐ 860ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2 யூனிட். கீசரில் வீணாகும் சூட்டையும் சேர்த்து 2.4 யூனிட் என்று வைத்தேன். 100 நாளுக்கு 240 யூனிட். மீதி நாட்களில் அம்மாவின் ஒரு வாளிக்கு எல்லாம் சேர்த்து 80 யூனிட். ஆக, ஆண்டு முழுவதற்கும் 320 யூனிட்.

இதில் சோலார் எவ்வளவு மிச்சப்படுத்தும்? மழைமூட்ட நாட்களைக் கழித்தால் 250 யூனிட்.

அடுத்தது யூனிட் விலை. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். மொத்த ரசீதுத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து சராசரி எடுக்காதீர்கள். நமக்கு இரண்டு மாதத்துக்கு முதலில் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். அதன்பின் படிப்படியாக விலை ஏறுகிறது. சோலார் மிச்சப்படுத்துவது உங்கள் ரசீதின் உச்சிப்படியில் இருக்கும் யூனிட்டுகளை. ஜனவரி, மார்ச் மாத ரசீதுகளில் கடைசிப்படி விலை என்ன என்று பாருங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழ்ப்படிக்குக் கிடைத்த சலுகையும் குறைகிறது. கீசரால் மட்டுமே 480இலிருந்து 560க்குப் போகும் வீடாக இருந்தால் உங்களுக்குச் சேமிப்பு என்னுடையதைவிடக் கூடுதல்.

எங்கள் கடைசிப்படியை 6 ரூபாய் 50 காசு என்று வைத்தேன். 250 யூனிட்டுக்கு 1,625 ரூபாய். அதில் ஆண்டுப் பராமரிப்பு 1,200 ரூபாயைக் கழித்தால் மிச்சம் 425. நான் செலவழித்ததோ 37,000 ரூபாய். பணத்தை மட்டும் பார்த்தால், எங்களைப் போன்ற வீட்டில் இந்த முதலீடு திரும்பி வராது. இதை எந்த விற்பனையாளரும் என்னிடம் சொல்லவில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

இப்போது அறை வாடகைக்கு விடுபவர் கணக்கு. எட்டு அறை, பதினாறு பேர், 330 நாள், சராசரி 13 டிகிரி ஏற்றம் என்றால் வீணாவதையும் சேர்த்து ஆண்டுக்கு 1,900 யூனிட் வருகிறது. சோலார் 1,600 யூனிட்டைத் தாங்கும். யூனிட் 9 ரூபாய் என்றால் 14,400 ரூபாய். எண்பதாயிரம் ரூபாய் செலவழித்தாலும் ஐந்தாறு ஆண்டில் திரும்பிவிடும். இவர்கள் தயங்காமல் அடுத்த படிக்குப் போகலாம்.

எங்கள் வீட்டில் இரண்டாவது முறையும் வாங்கியதற்குக் காரணம் அம்மா. விடியற்காலை ஐந்து மணிக்கு, மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவருக்குக் குழாயில் வெந்நீர் வர வேண்டும். அதற்கு விலை கொடுக்கிறேன் என்று தெரிந்தே கொடுத்தேன். நீங்களும் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டில் காஸ் அடுப்பில் வெந்நீர் வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 14.2 கிலோ சிலிண்டர், அடுப்பில் வீணாவது போகத் தண்ணீருக்குள் ஏற்றும் சூடு ஏறக்குறைய 110 யூனிட். சிலிண்டர் விலையை 110ஆல் வகுத்து உங்கள் மின்கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. தண்ணீரைச் சோதிக்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்

என் முதல் ஹீட்டரைக் கொன்றது எங்கள் போர் தண்ணீர்தான். பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பும் கடினமுமாகவே வருகிறது. தோல் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர்களில் இன்னும் மோசம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளிலும் குளிக்கப் பயன்படுவது பெரும்பாலும் போர் தண்ணீர்தான்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சிறு கட்டணத்துக்குச் சோதித்துக் கொடுக்கிறார்கள். குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்டபின், சுத்தமான பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள். அறிக்கையில் மூன்று எண்களைப் பாருங்கள்: மொத்தக் கடினத்தன்மை, மொத்தக் கரைந்த உப்பு, குளோரைடு. குடிநீருக்கான இந்தியத் தரநிலை கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்கிறது. வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை. எங்கள் வீட்டில் 640.

கடினமான தண்ணீர் சூடேறும்போதுதான் சுண்ணாம்பு பிரிந்து படிகிறது. கீசரிலும் படியும். ஆனால் சோலாரில் ஆண்டு முழுவதும், நீங்கள் வெந்நீர் எடுக்காத கோடையிலும், எழுபது எண்பது டிகிரியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருப்பதால் கூடுதலாகப் படியும். குளோரைடு செய்யும் கேடு வேறு வகை. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியை அது ஊசிமுனைப் பொத்தலாகத் துளைத்துவிடும். “எவர்சில்வர் தொட்டி, துருவே பிடிக்காது” என்ற பேச்சை நம்பாதீர்கள். உப்புத் தண்ணீர் வீடுகளுக்கு உட்புறம் கண்ணாடிப் பூச்சோ பாலிமர் பூச்சோ உள்ள தொட்டியையும், உள்ளே மாற்றக்கூடிய மக்னீசியத் தண்டையும் கேட்டு வாங்குங்கள். தொட்டியை அரிக்க வரும் உப்பு முதலில் அந்தத் தண்டை அரிக்கும். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும்.

4. மாடியை மார்கழி நிழலில் பாருங்கள்

வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கும். அப்போது தெற்கே நிற்கும் கட்டடத்தின் நிழல் நம் மாடியில் விழவே விழாது. நான் வைகாசியில் மாடி ஏறிப் பார்த்து, இடம் முழுக்க வெயில் என்று நம்பினேன். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்ததும், பக்கத்து வீட்டு மாடிப்படி அறையின் நிழல் ஹீட்டரில் பாதியை மூடிக்கொண்டது. டிசம்பர் 21ஆம் நாள் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 54 டிகிரி உயரம்தான் வரும். பத்தடிச் சுவருக்கு அந்த நேரத்திலேயே ஏழடிக்கு மேல் நிழல் விழும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். வேறு மாதத்தில் பார்ப்பவர்கள் தெற்குப் பக்கச் சுவர், தென்னை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றின் உயரத்தையும் குறித்து, இந்த அளவை வைத்துக் கணக்கிடுங்கள். ஹீட்டர் தெற்கு நோக்கி, காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை நிழலின்றி இருக்க வேண்டும்.

அடுத்து, தொட்டி உயரம். குளிர்ந்த தண்ணீர் தானாக இறங்கி ஹீட்டருக்குள் போக வேண்டும். அதற்கு உங்கள் மேல்நிலைத் தொட்டியின் அடிப்பாகம் ஹீட்டர் தொட்டியின் தலைக்கு மேலே, ஓர் அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். மாடித் தளத்திலேயே சின்டெக்ஸ் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் அதை ஆறேழு அடி தூக்க வேண்டியிருக்கும். விலைப்புள்ளியில் இது இருக்காது. எங்களுக்கு இரும்புத் தாங்கி 6,000 ரூபாய் ஆனது.

மலையடிவாரத்து வீடுகளுக்குக் குரங்குத் தொல்லை உண்டு. கண்ணாடிக் குழாய்க்கு மேல் அகலக் கண்ணி வலை போட இடம் விடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மாடியைப் பயன்படுத்த உரிமையாளர் சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு என் ஆலோசனை: வாங்க வேண்டாம்.

5. எந்த வகை, எத்தனை லிட்டர்

சந்தையில் இரண்டு வகை. வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகையைக் கடைகளில் டியூப் மாடல் என்பார்கள். செப்புத் தகட்டுப் பெட்டி வகை பிளேட் மாடல். பிளேட் மாடல் நீடித்து உழைக்கும், விலையும் கூடுதல். ஆனால் கடினத் தண்ணீர் நேரடியாக ஓடினால் மெல்லிய செப்புக் குழாய்கள் அடைத்துவிடும், திறந்து சுத்தம் செய்வதும் கடினம். வெப்பப் பரிமாற்றி (நம் தண்ணீர் செப்புக் குழாய்க்குள் போகாமல், சூட்டை மட்டும் அதற்குக் கடத்தும் அமைப்பு) வைத்த பிளேட் மாடலை மட்டும் உப்புத் தண்ணீர் வீட்டில் நினைத்துப் பார்க்கலாம். டியூப் மாடலில் உப்பு குழாயின் அடியில் தங்கும். குழாயைக் கழற்றிக் கழுவலாம், உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். அதனால் எங்கள் வீட்டுக்கு டியூப்.

அளவில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். “ஐந்து பேருக்கு 200 லிட்டர்” என்றார் என்னிடம் விற்றவர். தொட்டியில் 60 டிகிரியில் இருக்கும் 100 லிட்டரை, 24 டிகிரித் தண்ணீரோடு கலந்து 40க்குக் கொண்டுவந்தால் 225 லிட்டர் ஆகும்; பதினொரு வாளி. மந்தமான மார்கழி நாளில் 50 டிகிரிதான் ஏறினாலும் எட்டு வாளி. வாளியில் குளிக்கும் ஐந்து பேருக்கு 100 லிட்டர் தாராளம். பெரிய தொட்டி வாங்கினால் விலை மட்டும் கூடவில்லை. கோடையில் கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீரும் கூடுகிறது, அதனால் உப்பும் கூடுகிறது.

6. முழுச் செலவையும் ஒரே தாளில் கேளுங்கள்

விளம்பரத்தில் வருவது ஹீட்டரின் விலை மட்டுமே. எங்கள் செலவு இப்படிப் பிரிந்தது: பூச்சுத் தொட்டியுடன் 100 லிட்டர் டியூப் மாடல் வரியோடு 23,500, இரும்புத் தாங்கி 6,000, வெந்நீர்க் குழாய், மேலுறை, பிளம்பர் கூலி 7,500. குறைந்தது மூன்று பேரிடம் வீட்டுக்கு வந்து பார்த்தபின் விலைப்புள்ளி வாங்குங்கள். வராமலே தொலைபேசியில் விலை சொல்பவரை விட்டுவிடுங்கள்.

வெந்நீர்க் குழாய், சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. ஆகவே இருக்க வேண்டும். சாதாரண பி.வி.சி. குழாய் இந்தச் சூட்டில் இளகி வளைந்துவிடும். குழாயின் நீளத்தையும் அளந்து பாருங்கள். முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் ஓடினால், வெந்நீர் வருமுன் நான்கைந்து லிட்டர் பச்சைத் தண்ணீர் வெளியேறும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் அதை ஒரு வாளியில் பிடித்துத் துணி துவைக்கவாவது வைக்க வேண்டும். கீழ்த்தளக் குளியலறைக்கு மட்டும் வெந்நீர் வேண்டியவர்கள் இதை முக்கியமாக யோசியுங்கள்.

“மழைக்காலத்துக்கு இருக்கட்டும்” என்று தொட்டிக்குள் மின்சூடேற்றி வைத்துத் தருவார்கள். அது தொட்டி முழுவதையும் சூடேற்றும். 100 லிட்டரை 20 டிகிரி ஏற்ற 2.3 யூனிட், ஒருவர் குளிக்கவும் அதே செலவுதான். இரவில் அணைக்க மறந்தால் மின் ரசீது சொல்லிவிடும். குளியலறையில் சிறிய கீசர் ஏற்கெனவே இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

7. மானியம் என்ற வார்த்தை, பிறகு காகிதங்கள்

வீட்டு வெந்நீர்க் கலனுக்கு மத்திய அரசு முன்பு கொடுத்துவந்த மானியம் இப்போது இல்லை. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரியவீடு திட்டம் மின்சாரம் தயாரிக்கும் தகடுகளுக்கானது: 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். சோலார் என்ற ஒரே சொல்லை வைத்து இரண்டையும் குழப்பி, “மானியம் பின்னால் வங்கியில் ஏறும், இப்போது முழுப்பணம் கட்டுங்கள்” என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்துங்கள்.

வெந்நீர்க் கலனுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடு. இவ்வளவு குறைந்த வரியை மிச்சப்படுத்துவதற்காகப் பில் இல்லாமல் வாங்குவது பெரிய இழப்பு. பில் இல்லாவிட்டால் வாரண்டி இல்லை.

பணம் கொடுக்குமுன் கையில் இருக்க வேண்டியவை: தொட்டியின் வரிசை எண் எழுதிய வரிப் பில், முகவரின் முத்திரையும் பொருத்திய தேதியும் உள்ள வாரண்டி அட்டை, தொட்டி எந்த உலோகம், என்ன பூச்சு என்று எழுதிய விலைப்புள்ளி, பிளேட் மாடல் என்றால் ஐ.எஸ். 12933 என்ற இந்தியத் தர முத்திரை. வாரண்டி அட்டையின் பொடி எழுத்தைக் கட்டாயம் படியுங்கள். என் முதல் அட்டையில் ‘கடினத் தண்ணீரால் ஏற்படும் பழுது பொருந்தாது’ என்று இருந்தது. ஐந்தாண்டு வாரண்டி அந்த ஒரே வரியில் போயிற்று. இரண்டாவது முறை தண்ணீர் அறிக்கையைக் காட்டி, ‘இந்தத் தண்ணீருக்கு ஏற்றது’ என்று பில்லிலேயே எழுதி வாங்கினேன். இருவர் எழுத மறுத்தார்கள், மூன்றாமவர் எழுதினார். அவரிடம்தான் வாங்கினேன்.

8. எப்போது பொருத்துவது

ஆவணி, புரட்டாசி சரியான காலம். தீபாவளிக்குப் பின் ஆள் கிடைப்பது கடினம். கோடைத் தள்ளுபடியில் வாங்கினால் பயன்படுத்தாமலே முதல் ஆறு மாத வாரண்டி ஓடிவிடும். இரும்புத் தாங்கிக்கு மூன்று நாள், ஹீட்டர் பொருத்த அரை நாள், குழாய் வேலைக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்தும் நாளில் உடனிருங்கள். வெயிலில் காய்ந்த வெற்றுக் கண்ணாடிக் குழாய்க்குள் நண்பகலில் குளிர்ந்த தண்ணீர் விட்டால் வெடிக்கும். காலை ஏழு மணிக்குள் நிரப்பச் சொல்லுங்கள். தொட்டியின் மேலே நிற்கும் காற்றுக் குழாயை எந்தக் காரணத்துக்காகவும் மூட விடாதீர்கள், தண்ணீர் வழிகிறது என்று பிளம்பர் சொன்னாலும். கடைசி ஐயாயிரம் ரூபாயைக் கையில் வைத்திருந்து, இரண்டு நாள் கழித்துக் காலை ஆறு மணிக்குக் குழாயடியில் வெப்பமானி வைத்துப் பார்த்தபின் கொடுங்கள்.

9. பொருத்திய பிறகு

மாதம் ஒருமுறை ஹீட்டரின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து கலங்கல் போகும்வரை விடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசியில், உப்பு நீக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆசிட்டை நீங்களே ஊற்ற வேண்டாம். பங்குனி பிறந்ததும் நாங்கள் பத்துக் குழாயில் ஏழு குழாய்களைப் பழைய தார்ப்பாயால் கட்டி மூடிவிடுகிறோம். திறந்திருக்கும் மூன்று குழாய் அம்மாவுக்குப் போதும். ஐப்பசி முதல் வாரம் தார்ப்பாயை அவிழ்க்கிறோம். வீட்டில் சிறு குழந்தை இருந்தால், வெந்நீர்க் குழாயை அதன் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எழுபது டிகிரித் தண்ணீர் நொடியில் தோலை வேக வைத்துவிடும்.

10. வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கு

என் கணக்கைப் போன்றே உங்கள் கணக்கும் வந்து, வீட்டில் முதியவர்களும் இல்லையென்றால், நட்சத்திரக் குறியீடு கூடுதலாக உள்ள 15 லிட்டர் கீசரே போதும். வெப்ப அளவை 50 டிகிரிக்கு மேல் ஏற்றாமல், குளிக்கப் பதினைந்து நிமிடத்துக்கு முன் போட்டு, குளிக்கப் போகும்போது அணையுங்கள். காஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மாடியில் நிழலில்லாத இடம் இருந்து, கையில் பணமும் இருந்தால், அதே இடத்தில் மின்தகடு வைப்பதற்கான விலைப்புள்ளியையும் கேளுங்கள். அது வைகாசி வெயிலிலும் மின்விசிறிக்கும் ஃபிரிட்ஜுக்கும் உழைக்கும்.